சான்று கேட்காத தெரு

அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



பொதுவாழ்வு பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். பொதுவாழ்வு என்றதும் அரசியலும் தேர்தலும்தான் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது அன்றாடப் பொதுவாழ்வைப் பற்றி. பேருந்தில் ஏறுவது, ரேஷன் கடை வரிசையில் நிற்பது, வங்கியில் கையெழுத்துப் போடுவது, பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது. உடற்குறையோடோ தீராத நோயோடோ வாழும் ஒருவருக்கு இவையெல்லாம் எப்படி நடக்கின்றன என்பதே இன்றைய உரை.

நான் அம்பத்தூரில் வாழ்பவள். பல ஆண்டுகளாக எனக்கு முடக்குவாதம் உண்டு. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைச் சரவாங்கி என்பார்கள். விடிந்து எழும்போது விரல்கள் மடங்க மறுக்கும். பால் பாக்கெட்டைக் கிழிக்கவும் இன்னொருவர் கை வேண்டும். முற்பகல் ஆனால் மூட்டுகள் ஓரளவு இளகும். அந்த நேரத்தில் என்னைப் பார்ப்பவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. "நல்லாத்தானே இருக்கீங்க" என்ற சொல்லை அன்பாகச் சொல்லியும் கேட்டிருக்கிறேன், சந்தேகமாகச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். பேருந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று எழுதிய இருக்கையில் உட்கார்ந்தால் அது சந்தேகமாகத்தான் வரும்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நம் பொது இடங்கள் நோயாளியிடமும் மாற்றுத்திறனாளியிடமும் ஓயாமல் சான்று கேட்கின்றன. அட்டை எங்கே, எத்தனை விழுக்காடு, பார்த்தால் தெரியவில்லையே என்று. அரசு உதவித்தொகைக்குச் சான்று கேட்பதில் நியாயம் இருக்கலாம். தெருவில் நடக்க, பேருந்தில் ஏற, ஓரிடத்தில் சற்று உட்கார, கழிப்பறைக்குப் போக யாரும் யாருக்கும் சான்று காட்ட வேண்டியதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் இடம் தரும்படி தெருவும் வண்டியும் கட்டடமும் அமைந்திருக்க வேண்டும்.

நாம் எத்தனை பேர்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். உலக சுகாதார நிறுவனமோ உலகில் 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடற்குறையோடு வாழ்வதாகச் சொல்கிறது. உலகத்தில் ஆறில் ஒருவர், நம் நாட்டில் ஏறத்தாழ ஐம்பதில் ஒருவர் என்றால், நாம் அவ்வளவு நலமாக இருக்கிறோம் என்று பொருளாகாது. எதைக் குறை என்று எண்ணுகிறோம், எதை எண்ணாமல் விடுகிறோம், வீட்டார் எதைச் சொல்லத் தயங்குகிறார்கள் என்பதில்தான் இந்த இடைவெளியின் பெரும்பகுதி இருக்கிறது.

1995 சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016 இல் நிறைவேறி 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. பார்க்கின்சன் நோய், தண்டுவட மரப்பு நோய், ஹீமோஃபீலியா, தலசீமியா, அமில வீச்சால் நேர்ந்த குறைபாடு, ஆட்டிசம் ஆகியவை பட்டியலுக்குள் வந்தன. அது பெரிய முன்னேற்றம். ஆனால் பட்டியல் நீண்டபோதும் அளவுகோல் போகவில்லை. தனித்துவ அடையாள அட்டையில் மூன்று நிறங்கள் உண்டு: 40 விழுக்காட்டுக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80க்கு மேல் நீலம். வேலை இடஒதுக்கீடு, கல்வி இடஒதுக்கீடு, பல சலுகைகள் எல்லாவற்றுக்கும் வாசல் 40. வெள்ளை அட்டைக்காரர்கள் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

விரலுக்கு எத்தனை விழுக்காடு

விழுக்காட்டுக் கணக்கை அம்பத்தூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1960களில் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து இந்த ஊரின் பிழைப்பே லேத், பிரஸ், மோல்டிங், பிளேட்டிங் பட்டறைகளில்தான் ஓடிவந்திருக்கிறது. பவர் பிரஸ்ஸில் கைவிரல் போன ஒருவரையாவது அறியாத குடும்பம் இங்கே குறைவு.

1948 தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் (இ.எஸ்.ஐ.) சட்டத்தின் இரண்டாம் அட்டவணை உடலை விழுக்காடுகளாகப் பிரித்துவைத்தது. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 விழுக்காடு இழப்பு; நடுவிரலுக்கு 12. ஒரு கையில் இரண்டு விரல் என்றால் 20, மூன்று என்றால் 30, நான்கு என்றால் 50. அந்த விகிதப்படி மாதாமாதம் வாழ்நாள் முழுவதும் பணம் வரும். தொழிலாளர் போராடிப் பெற்ற நல்ல ஏற்பாடு இது. இதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அதே மனிதர் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்புவதை எண்ணிப் பாருங்கள். மாலை ஆறு மணிக் கூட்டத்தில் பேருந்தில் நின்றுகொண்டு வருகிறார். மேலே இருக்கும் கம்பியை இறுக்கிப் பிடிக்க விரல்கள் வேண்டும். ஓட்டுநர் பிரேக் போட்டால் முதலில் சாய்பவர் அவர்தான். இருக்கை கேட்டால், ஓரிரு விரல் போனதற்கா என்பார்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்கு மருத்துவக் குழு வேறு முறையில் அளக்கும். ஓரிரு விரல் இழந்தவர் அந்த 40ஐ எட்டப்போவதில்லை. ஆலைக்குள் அவர் இழப்பீட்டுக்கு உரியவர், ஆலை வாசலைத் தாண்டியதும் குறையே இல்லாதவர்.

இன்னொரு வேறுபாடும் இங்கே கண்ணெதிரே இருக்கிறது. 2016 சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் உடற்குறை அடைந்த ஊழியரை அரசு நிறுவனம் எதுவும் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால், அதே ஊதியத்தில் வேறு வேலை தர வேண்டும். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை ஊழியருக்கு இந்தக் காப்பு உண்டு. அம்பத்தூரில் பத்துப் பேர் வேலை செய்யும் தனியார் பட்டறைத் தொழிலாளிக்கு இல்லை. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே இருப்பவை திருமுல்லைவாயில், அன்னனூர் என்று இரண்டே ரயில் நிலையங்கள். ஒரே விபத்து, ஒரே விரல். யாரிடம் வேலை பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் எதிர்காலம்.

பட்டியலுக்கு வெளியே

சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றி இப்போது சொல்கிறேன். முறையான ரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) என்றால் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். போய்வரும் நேரமும், முடிந்தபின் வரும் அசதியும் தனி. வாரத்தில் மூன்று நாள் இப்படிப் போகிறவரை எந்த மேலாளர் வேலையில் வைத்துக்கொள்வார்? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இ.எஸ்.ஐ.யிலும் 34 நீண்டகால நோய்களுக்கு இரண்டு ஆண்டுகள் வரை ஊதியத்தில் 80 விழுக்காடு தரும் ஏற்பாடு உண்டு. உயிர் காக்கும் உதவிகள் இவை. ஆனால் நோய் இரண்டு ஆண்டுகளில் முடிவதில்லை. 21 வகைப் பட்டியலிலும் சிறுநீரகச் செயலிழப்பு இல்லை.

அவருக்குப் பொது இடம் எப்படி இருக்கிறது? ஒரு கையில் ஃபிஸ்டுலா வைத்திருப்பார்கள்; அந்த ரத்தக்குழாய் வழியாகத்தான் சிகிச்சை. அந்தக் கையில் பாரம் தூக்கக்கூடாது, அழுத்தம் படக்கூடாது. மின்சார ரயிலில் காலை எட்டரை மணி நெரிசலில் அந்தக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முழுக்கைச் சட்டைக்குள் இருப்பது யாருக்கும் தெரியாது. குடிக்கும் தண்ணீருக்கும் அளவு உண்டு. சித்திரை வெயிலில் நிழல் இல்லாத நிறுத்தத்தில் அரை மணி நேரம் நிற்பது நமக்கு எரிச்சல்; அவருக்கு அது அன்றைய தண்ணீர்க் கணக்கையே குலைத்துவிடும்.

இவரைப் போல் எத்தனையோ பேர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023 இல் வெளியான ஆய்வு, நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. அவர்களில் பலருக்கு ஆண்டுகள் ஓட ஓடப் பாதம் மரத்துப்போகும், பார்வை மங்கும், அடிக்கடி கழிப்பறை தேவைப்படும். வலிப்பு நோய் உள்ள பிள்ளையைத் தனியே பள்ளிக்கு அனுப்ப அஞ்சும் தாய் உண்டு. நடை தடுமாறும் பார்க்கின்சன் நோயாளியையும், பக்கவாதத்துக்குப் பின் நாக்கு குழறுபவரையும் குடித்திருக்கிறார் என்று ஷேர் ஆட்டோவில் ஏற்ற மறுப்பதுண்டு. அவர்கள் சட்டைப்பையில் மருந்துச் சீட்டோடு அலைய வேண்டும். நோயை நிரூபிப்பதே ஒரு வேலையாகிவிடுகிறது. நோயாளியிடம் மிச்சமிருக்கும் கொஞ்சத் தெம்பும் அதில் கரைகிறது.

கழிப்பறையைத் தனியே சொல்லியாக வேண்டும். நம் பகுதிப் பெண்களில் பலர் வெளியே கிளம்பும் நாளில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். சிறுநீரகக் கல், நீரிழிவு, குடல் அழற்சி உள்ளவர்களுக்கு அது உடலுக்குச் செய்யும் தீங்கு. மார்க்கெட்டுக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகே தாழ்ப்பாள் இருக்கும், தண்ணீர் வரும், படியில்லாத ஒரு கழிப்பறை இருந்தால் மருந்தைப் போலவே அது வேலை செய்யும்.

ஓகயாமாவும் பூந்தமல்லியும்

பூந்தமல்லிக்கு ஒரு பெருமை உண்டு. பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி அங்கே இருக்கிறது. தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் மேம்பாட்டு நிறுவனத்தின் சென்னை மண்டல மையமும் 1988 முதல் டிரங்க் ரோட்டில் இயங்குகிறது. பிரெய்ல் படிக்க, வெள்ளைக் கோல் பிடித்துத் தனியே நடக்க, ஆசிரியராகப் பயிற்சி பெற என்று தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அந்த ஊருக்கு வந்திருக்கிறார்கள்.

ஜப்பானில் ஓகயாமா என்ற ஊர். அங்கேயும் பார்வையற்றோர் பள்ளி ஒன்று உண்டு. செய்இச்சி மியாகே என்பவர் 1965 இல் தொட்டு உணரும் நடைபாதை ஓடுகளை உருவாக்கினார். 1967 மார்ச் 18 அன்று அந்தப் பள்ளிக்கு அருகே ஒரு சாலையில் அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. இன்று நம் மெட்ரோ நிலையங்களில் நீங்கள் பார்க்கும் மஞ்சள் ஓடுகள் அங்கிருந்து வந்தவைதான். நீள்கோடுகள் இருந்தால் போகலாம், புள்ளிகள் இருந்தால் நில். உலகெங்கும் பரவிய ஒரு கண்டுபிடிப்பு, ஒரு பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் சாலையிலிருந்து தொடங்கியது.

பூந்தமல்லி அந்த இடத்தைப் பெற்றிருக்கலாம். இப்போதும் பெறலாம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26.1 கிலோமீட்டர் நீளும் மெட்ரோவின் நான்காம் வழித்தடத்தில் மின்தூக்கியும் மஞ்சள் ஓடும் திட்டத்திலேயே உள்ளன. நிலையத்து வாசலோடு அந்த ஓடு நின்றுவிட்டால், அதைப் பின்தொடர்ந்து வந்த பிள்ளை லாரிகள் விரையும் சாலையின் விளிம்பில் நிற்கும். நிலையத்திலிருந்து பள்ளி வாசல் வரை, மையத்தின் வாசல் வரை அந்த ஓடு தொடர வேண்டும். அதன்மேல் யாரும் ஸ்கூட்டரை நிறுத்தக்கூடாது.

உயரும் சாலை, உயரும் படி

அம்பத்தூர், கொரட்டூர், ஆவடித் தெருக்களில் ஏன் இவ்வளவு படிகள்? இந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. விடை சாலை போடும் முறையில் இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய தாரைப் போட்டால் ஒவ்வொரு முறையும் சாலை உயர்கிறது. மழைநீர் வீட்டுக்குள் வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? அடுத்த வீடு கட்டும்போது தரைத்தளத்தை உயர்த்துகிறார்கள். மருந்துக்கடை, கிளினிக், ஏ.டி.எம்., கோவில் மண்டபம் எல்லாம் நான்கு படி ஏறிவிடுகின்றன.

பாதுகாப்பான சாய்தளத்துக்கு 1க்கு 12 என்பது விதி. தரை 45 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அந்த இடம் எந்தக் கடை முன்னால் இருக்கிறது? அதனால் பைக்கை ஏற்றுவதற்கென்று செங்குத்தாக ஒரு சறுக்கலைக் கட்டி, அதையும் நடைபாதைக்குள் நீட்டிவிடுகிறோம். சக்கர நாற்காலி அதில் ஏறாது, இறங்கினால் கவிழும். நடைபாதையில் வருபவரும் அங்கே சாலைக்கு இறங்கியாக வேண்டும். 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டிய பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். வெள்ளத்தைத் தடுக்கும் உத்தரவு என்று அதைப் படித்தோம். மாற்றுத்திறனாளி கடையேறும் உரிமையும் அதே உத்தரவில்தான் இருக்கிறது.

நடைபாதைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு தடையற்ற 1.8 மீட்டர் அகலம்; ஓரக்கல்லின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகக்கூடாது. சென்னை மாநகராட்சி 2014 இல் நடப்போருக்கும் சைக்கிளில் போவோருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. இந்திய நகரங்களில் அதுவே முதல். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் இருக்கிறது. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சி. ஒரே நாளில் மூன்று ஊரையும் தொட்டுத் திரும்பும் சக்கர நாற்காலிக்கு மூன்று நிர்வாகங்கள். சான்றிதழ் வேலை என்றால் ஆவடிக்காரர் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்துக்கும், 2018 இல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்த அம்பத்தூர்க்காரர் எதிர்த்திசையிலும் போக வேண்டும். எல்லைக்கோடு வரைபடத்தில் இருக்கட்டும். நடைபாதை அங்கே அறுந்துபோக வேண்டாம்.

2022 நவம்பர் 27 அன்று மெரினாவில் கடலருகே செல்ல 263 மீட்டர் மரப்பாதை திறக்கப்பட்டபோது, முதன்முறையாக அலையருகே போனவர்கள் அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது. பிறகு சரிசெய்தார்கள். அந்தப் பாதையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அம்பத்தூர்க்காரர் அங்கே போய்ச்சேர முதலில் தன் தெருமுனையைக் கடக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

முகப்பேரிலிருந்து ஒரு வழக்கு

நம் பக்கத்து முகப்பேரில் இருக்கிறது பான்யன் அமைப்பின் அடைக்கலம். வீடிழந்து தெருவில் திரிந்த மனநலம் குன்றிய பெண்களுக்காக 1993 இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய அமைப்பு அது. அதற்கும் முன்னே, 1984 இல், மருத்துவர் சாரதா மேனன் மனநோய்க்கான ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். அது அண்ணா நகர் மேற்கு விரிவில் இருக்கிறது. மனநோயாளிகளைப் பூட்டிவைத்த காலத்தில், சிகிச்சையும் வேலையும் மரியாதையும் சேர்ந்தே கிடைக்க வேண்டும் என்று சொன்னவர்கள் இவர்கள். அந்த மரபு இந்த மேற்குச் சென்னையின் சொத்து.

அதே வைஷ்ணவி ஜெயகுமார்தான் மாநகரப் பேருந்துகள் தாழ்தளமாக இருக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடினார். உயரப் படிகள் கொண்ட பேருந்தை வாங்கினால் அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அது ஓடும். அத்தனை ஆண்டுகளும் சக்கர நாற்காலிக்காரர் நிறுத்தத்திலேயே நிற்பார் என்பதுதான் வாதத்தின் சாரம். பல சுற்றுப் போராட்டத்துக்குப் பின் 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் சாலைக்கு வந்தன. தரை 40 சென்டிமீட்டர் உயரம், நிறுத்தத்தில் வண்டி ஒரு பக்கமாகத் தாழ்ந்து கொடுக்கும், சாய்பலகை விரியும், சக்கர நாற்காலிக்கு உள்ளே இடமும் பெல்ட்டும் உண்டு.

அந்தப் பேருந்தில் யார் யார் எளிதாக ஏறுகிறார்கள் என்று கவனியுங்கள். முழங்கால் தேய்ந்த பாட்டி, நிறைமாதக் கர்ப்பிணி, கைக்குழந்தையோடு வருபவர், காய்கறி மூட்டையோடு வரும் வியாபாரி, என்னைப் போன்ற முடக்குவாதக்காரி. யாரும் யாரிடமும் அட்டை காட்டவில்லை. நான் சான்று கேட்காத ஏற்பாடு என்று சொல்வது இதைத்தான். ஆனால் ஓட்டுநர் ஓரக்கல்லை ஒட்டி நிறுத்தாமல் நடுச்சாலையில் நிறுத்தினால் சாய்பலகை செங்குத்தாகிவிடும். நிறுத்தத்தை ஷேர் ஆட்டோக்கள் அடைத்துக்கொண்டால் பேருந்து அருகே வரவே முடியாது. பேருந்தை வாங்கியது அரசு. நிறுத்தத்தைக் காலியாக வைத்திருக்க வேண்டியது நாம்.

கேட்பதற்கு முன்பே

சட்டமும் இதையே சொல்லத் தொடங்கிவிட்டது. மூன்று தீர்ப்புகளைக் குறிப்பிடுகிறேன்.

எழுதும்போது கைத்தசை இறுகிக்கொள்ளும் நோய் உள்ள விகாஷ் குமார், குடிமைப்பணித் தேர்வில் தனக்காக எழுத ஒருவரை அனுமதிக்கக் கேட்டார். மருத்துவமனை அவர் குறைபாட்டை 6 விழுக்காடு என்று மதிப்பிட்டிருந்தது. 40 இல்லை என்று தேர்வாணையம் மறுத்தது. 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம், இத்தகைய உதவிக்கு 40 விழுக்காட்டை நிபந்தனையாக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. வெள்ளை அட்டைக்காரருக்கும் உரிமை உண்டு என்று நாட்டின் தலைமை நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரதூரி 2005 இல் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று வந்த தீர்ப்பு இன்னும் ஆழமானது. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு இரண்டு கடமைகளைப் பிரித்துக் காட்டியது. ஒருவர் வந்து கேட்ட பிறகு அவருக்கேற்ப மாற்றிக்கொடுப்பது ஒன்று. யாரும் வருவதற்கு முன்பே எல்லோரும் வரக்கூடிய இடமாக அமைத்துவைப்பது இன்னொன்று. இரண்டாவது கடமையை அரசின் விதி வெறும் பரிந்துரையாக நீர்த்துப்போக விட்டது தவறு என்று சொல்லி, கட்டாய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்க ஆணையிட்டது.

2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மற்றொரு தீர்ப்பை வழங்கியது. அமில வீச்சால் கண்கள் சிதைந்த பிரக்யா பிரசூன் வங்கிக்கணக்குத் தொடங்கப் போனபோது, உயிரோடு இருப்பதற்கு அடையாளமாகக் கேமரா முன் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். அவரால் முடியாது. சான்று கேட்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இணையவழிச் சேவைகளை எல்லோரும் பயன்படுத்த முடிவது வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. கைரேகை தேய்ந்த பிளேட்டிங் பட்டறைத் தொழிலாளி ரேஷன் கடைக் கருவியில் விரலை மீண்டும் மீண்டும் அழுத்தும்போது எனக்கு இந்த வழக்குத்தான் நினைவுக்கு வருகிறது.

வாசலுக்கு வரும் உதவி

தமிழ்நாட்டில் அரசு வீடு தேடி வரும் திட்டங்கள் சில உண்டு. 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம்: ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளும் இயன்முறைப் பயிற்சியும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன, வயிற்றுவழி டயாலிசிஸ் பைகளும் வருகின்றன. 2025 ஆகஸ்ட் 12 முதல் தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்கள் வீட்டு வாசலில் கிடைக்கின்றன. படுக்கையில் இருப்பவருக்கு இவை பெரும் ஆறுதல். நடத்துபவர்களுக்கு நன்றி சொல்வோம்.

அதே மூச்சில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாம் வீட்டுக்கே வருகிறதே, இவர் ஏன் வெளியே வர வேண்டும் என்று ஊர் நினைத்துவிடக்கூடாது. அரிசியும் மாத்திரையும் வீட்டுக்கு வரலாம். நூலகம் வராது, சினிமா வராது, தேர்த்திருவிழா வராது, தொழிற்சங்கக் கூட்டம் வராது, டீக்கடைப் பேச்சு வராது. கடைத்தெருவில் நாலு பேர் முகம் பார்த்து, நான் இன்னும் இந்த ஊரில் இருக்கிறேன் என்று உணர்வது வராது. வீட்டு வாசல் வரை சேவையைக் கொண்டுவந்த அரசு, அந்த வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை பாதையையும் அமைத்தால்தான் வேலை முழுமையாகும்.

நாம் செய்யக்கூடியவை

இந்த அவையில் கடை வைத்திருப்பவர்கள், பட்டறை நடத்துபவர்கள், ஆசிரியர்கள், குடியிருப்போர் சங்கத்தார் இருக்கிறீர்கள். உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

கடைக்காரர்களே, கல்லாவுக்கு அருகே ஒரு நாற்காலி போடுங்கள். யாருக்கு என்று எழுத வேண்டாம், தேவைப்பட்டவர் உட்காரட்டும். வாசலில் படி இருந்தால், மடக்கி வைக்கக்கூடிய உறுதியான சாய்பலகை ஒன்றையும், கூப்பிட ஒரு மணியையும் வையுங்கள்.

பட்டறை முதலாளிகளே, பிரஸ்ஸில் காப்புக் கருவியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்லாதீர்கள். விரல் போனவரை அனுப்பிவிடாமல், அவரால் முடிகிற வேலையைக் கொடுங்கள். சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாத இடத்தில் அறம் கட்டாயப்படுத்தட்டும். டயாலிசிஸுக்குப் போகிறவருக்கு நேரத்தை மாற்றிக்கொடுங்கள்.

குடியிருப்போர் சங்கங்களே, உங்கள் தெருவில் புதிய சாலை போட வரும்போது பழைய தாரைச் சுரண்டினார்களா என்று நின்று பாருங்கள். சுரண்டாமல் போட்டால் அன்றே புகார் கொடுங்கள்.

பயணிகளே, இருக்கை கேட்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். நூறு பேரில் ஒருவர் பொய் சொல்லலாம். அந்த ஒருவரைப் பிடிப்பதற்காக மற்ற 99 பேரையும் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

கடைசியாக, உள்ளாட்சி. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டத்திருத்தங்கள், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்த வழிசெய்கின்றன. சென்னையிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அந்த இருக்கைகளில் அமர்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. அட்டை உள்ளவர்களுக்காக மட்டும் பேசாதீர்கள். சிறுநீரக நோயாளிக்கும் வலிப்பு நோயாளிக்கும் வெள்ளை அட்டைக்காரருக்கும் சேர்த்துப் பேசுங்கள். மூன்று ஊர் உறுப்பினர்களும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரு நடைபாதை, ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு கழிப்பறை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரே அளவை முடிவு செய்யுங்கள். முதல் வேலையாகப் பூந்தமல்லிப் பள்ளி வாசல் வரை மஞ்சள் ஓட்டைக் கொண்டுவாருங்கள்.

நோயும் குறையும் யாரோ சிலருக்கு வருபவை என்ற எண்ணத்தை விட்டுவிடுவோம். நீண்ட காலம் வாழ்ந்தால் நம்மில் பெரும்பாலோர் அந்த வரிசையில் வந்து நிற்போம். அன்று நம்மிடம் யாரும் சான்று கேட்கக்கூடாது என்று விரும்பினால், இன்று நாம் பிறரிடம் கேட்பதை நிறுத்த வேண்டும். கேட்கத் தேவையில்லாத தெருக்களைக் கட்ட வேண்டும். அதற்கான சட்டம் வந்துவிட்டது, தீர்ப்பும் வந்துவிட்டது, அளவுகளும் எழுதப்பட்டுவிட்டன. செய்ய வேண்டியது மட்டுமே மிச்சம்.